பழுதின் பதிவேடு

1980களில் விற்ற ஹார்டு டிஸ்க்குகளின் மேல்மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் வரிசையாகச் சில எண்கள். பெரும்பாலும் அச்சில், சில நேரம் கையெழுத்தில். எந்தச் சிலிண்டரில், எந்த ஹெட்டுக்குக் கீழே காந்தப் பூச்சு சரியில்லை என்று தொழிற்சாலையில் சோதித்து எழுதிய பட்டியல் அது. வாங்கியவர் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் கணினியில் தட்டச்ச வேண்டும். தட்டினால்தான் அந்த இடங்களில் தரவு போய் விழாமல் இருக்கும். புத்தம் புதுப் பொருளோடு அதன் பழுதுப் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்த அந்த வழக்கம் மறைந்துவிட்டது. பழுது மறையவில்லை. பட்டியல்தான் தாளிலிருந்து இயங்குதளத்துக்கும், அங்கிருந்து டிஸ்க்கின் வயிற்றுக்குள்ளும் இடம் மாறிப் போயிற்று. லினக்ஸில் பேட் செக்டரை, அதாவது டிஸ்க்கின் கெட்டுப்போன துண்டை, சரிசெய்யும் கலை வளர்ந்த கதை இந்த இடமாற்றத்தோடு பின்னிக் கிடக்கிறது.

தொடக்கம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில். 1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிவித்த 305 ராமாக் கணினியோடு வந்த 350 என்ற சேமிப்புக் கருவியே உலகின் முதல் ஹார்டு டிஸ்க். ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், நிமிடத்துக்கு 1200 சுற்று, 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு, ஏறக்குறைய ஒரு டன் எடை. அலுமினியத் தட்டின்மேல் இரும்பு ஆக்சைடு கலந்த சாயத்தைச் சீராகப் பூசுவது அந்தக் குழுவுக்குப் பெரும்பாடாக இருந்தது. பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் சாயத்தை வடிகட்டி, காகிதக் கோப்பையில் அளந்து, சுழலும் தட்டின் நடுப்பகுதியில் ஊற்றினார்கள். சுழற்சியின் விசையில் அது விளிம்புவரை பரவியது. ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் அந்த இடம் போச்சு. காந்தப் பூச்சின் குறையோடு மல்லுக்கட்டுவது ஹார்டு டிஸ்க் பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் தட்டுகள் சுருங்கின, தரவின் நெருக்கம் கூடியது, ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையிலான காற்றிடைவெளி குறைந்துகொண்டே போனது. 1973-இல் ஐபிஎம் வெளியிட்ட 3340, அதாவது வின்செஸ்டர் வகை, தட்டையும் ஹெட்டையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்துத் தூசியைத் தடுத்தது. ஆனாலும் ஒரு குறைகூட இல்லாத தட்டை மட்டுமே விற்பது என்று முடிவெடுத்தால் விலை கட்டுப்படியாகாது. சில இடங்கள் கெட்டிருக்கும் என்று ஒப்புக்கொண்டு, அவற்றைத் தவிர்க்க வழி சொல்லிவிடுவதே மலிவு.

சீகேட் 1981-இல் கொண்டுவந்த எஸ்டி-412 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 306 சிலிண்டர், 4 ஹெட், தடத்துக்கு 17 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 10 மெகாபைட். 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி-யில் இருந்தது இந்த அளவு டிஸ்க்தான். அந்தக் காலத்து டிஸ்க்குக்கு மூளை கிடையாது. தரவை எங்கே எழுதுவது, எங்கே தவிர்ப்பது என்பதெல்லாம் கணினிக்குள் செருகிய கண்ட்ரோலர் அட்டையின் பொறுப்பு. டாஸ் இயங்குதளத்தில் டீபக் நிரலைத் திறந்து, 'ஜி=சி800:5' என்று தட்டினால் பல கண்ட்ரோலர்களுக்குள் இருந்த லோ-லெவல் ஃபார்மட் நிரல் எழுந்து வரும்; மேல்மூடித் தாளில் உள்ள எண்களை அது ஒவ்வொன்றாகக் கேட்கும். அதன்பின் டாஸின் ஃபார்மட் கட்டளை, கெட்ட இடங்களைத் தன் ஃபேட் அட்டவணையில் தனிக் குறியிட்டு ஒதுக்கிவைக்கும்.

பெரிய கணினிகளில் ஏற்பாடு இன்னும் ஒழுங்காக இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் '144' என்ற எண்ணில் ஒரு தரநிலையே வகுத்தது. டிஸ்க்கின் கடைசித் தடத்தில் கெட்ட செக்டர்களின் பட்டியலை எழுதிவைக்க வேண்டும்; 126 வரை இடம் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இதை 'பேட்144' என்ற கட்டளையால் கையாண்டது. கெட்ட செக்டரைக் கேட்டால் அதற்குப் பதிலாக ஒதுக்கிய மாற்று செக்டரைக் கெர்னல் எடுத்துக் கொடுக்கும். பட்டியல் தாளை விட்டு டிஸ்க்கிலேயே ஏறிவிட்டது. ஆனால் அதைப் படித்து நடந்துகொண்டது இயங்குதளம்.

லினக்ஸ் பிறந்தது இந்தச் சூழலில். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியிலிருந்து லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற அறிவிப்பில், தன்னிடம் இருப்பது ஏடி வகை ஹார்டு டிஸ்க் மட்டும்தான், ஆகவே வேறெதற்கும் இந்த இயங்குதளம் ஒருபோதும் ஒத்துழைக்காமலே போகலாம் என்றும் குறிப்பிட்டிருந்தார். முதலில் மினிக்ஸின் கோப்பு முறையே பயன்பட்டது. அதில் 64 மெகாபைட்டுக்கு மேல் ஆள முடியாது. கோப்பின் பெயர் 14 எழுத்தைத் தாண்டக் கூடாது. 1992-இல் ரெமி கார்ட் 'எக்ஸ்ட்' கோப்பு முறையை எழுதினார். 1993 ஜனவரியில் அதன் அடுத்த வடிவமான எக்ஸ்ட்2 வந்தது. அதை வளர்த்தெடுத்ததில் தியோடர் ச்சோ, ஸ்டீபன் ட்வீடி இருவருக்கும் பெரும் பங்கு உண்டு.

எக்ஸ்ட்2-வில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற எண் உண்டு. மூலக் கோப்புறைக்கு எண் 2. அப்படியானால் முதல் எண் யாருடையது? கெட்ட பிளாக்குகளுடையது; கோப்பு முறை ஒன்றாகக் கையாளும் செக்டர்களின் தொகுப்பே பிளாக். எந்தக் கோப்புறையிலும் தெரியாத, பெயரே இல்லாத அந்த முதல் ஐநோடின் கணக்கில் பழுதான பிளாக்குகள் எல்லாம் எழுதப்படும். கிராமக் கணக்கில் புறம்போக்கு என்று குறித்துவிட்டால் அந்த நிலத்துக்கு வேறு யாருக்கும் பட்டா கிடைக்காது; அதுபோல, ஐநோடு 1-இன் பெயரில் ஏறிய பிளாக்கை வேறு எந்தக் கோப்பும் கேட்டுப் பெற முடியாது. யூனிக்ஸ் மரபிலிருந்து வந்த இந்த ஏற்பாடு எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 எல்லாவற்றிலும் இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க ரெமி கார்ட் எழுதிய நிரல்தான் 'பேட்பிளாக்ஸ்'. அதன் வேலை எளிது, பொறுமையைச் சோதிப்பது. டிஸ்க்கின் முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை படித்துப் பார்த்து, படிக்க முடியாதவற்றின் எண்ணைச் சொல்லும். எழுதிச் சோதிக்கச் சொன்னால் நான்கு வடிவங்களை மாறி மாறி எழுதித் திரும்பப் படிக்கும்: ஒன்றும் பூச்சியமும் மாறி வருவது, அதைப் புரட்டிப்போட்டது, எல்லாம் ஒன்று, எல்லாம் பூச்சியம். இருந்த தரவு அத்தோடு போய்விடும். தரவைக் காப்பாற்றிக்கொண்டே சோதிக்கும் இன்னொரு முறையும் உண்டு. ஒவ்வொரு பிளாக்கையும் படித்து நினைவில் வைத்து, சோதனை எழுத்தை எழுதிப் பார்த்து, பழையதை மீண்டும் எழுதும். ச்சோ எழுதிய 'இ2எஃப்எஸ்சிகே' சோதனை நிரல், பேட்பிளாக்ஸை ஓட்டிக் கிடைக்கும் எண்களை ஐநோடு 1-இல் சேர்த்துவிடும். 1993-இல் வந்த ஸ்லாக்வேர் விநியோகத்தை நிறுவும்போது, டிஸ்க்கை வேகமாக ஃபார்மட் செய்வதா, மெதுவாகக் கெட்ட பிளாக் தேடிக்கொண்டே செய்வதா என்று கேட்கும். மெதுவானதைத் தேர்ந்தவர்கள் காபி குடித்துவிட்டு வர நேரம் இருக்கும்.

ஆனால் பேட்பிளாக்ஸ் எழுதப்பட்ட காலத்திலேயே அதன் அடித்தளம் நகரத் தொடங்கியிருந்தது. காரணம் ஐடிஇ. 1980களின் நடுவில் காம்பேக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் கொண்டுவந்த இந்த முறையில் கண்ட்ரோலர் டிஸ்க்கிலேயே குடியேறிவிட்டது. டிஸ்க்குக்குச் சொந்த மூளை வந்தது. மேல்மூடித் தாள் மறைந்தது. தொழிற்சாலையிலேயே கண்டுபிடித்த பழுதுகள் 'பி-லிஸ்ட்' என்றும், பயன்பாட்டில் பின்னால் தோன்றியவை 'ஜி-லிஸ்ட்' என்றும் டிஸ்க்கின் உள்ளேயே பதிவாயின. ஒவ்வொரு டிஸ்க்கிலும் கையிருப்பாகச் சில செக்டர்கள் ஒதுக்கியிருக்கும். ஒரு செக்டர் கெட்டால் அதன் எண்ணைக் கையிருப்புச் செக்டருக்கு மாற்றிக் கொடுத்துவிடும். இயங்குதளத்துக்கு எதுவும் தெரியாது. எல்லாம் நலம் என்றே தோன்றும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுணுக்கம் வருகிறது. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே அதை மாற்றிவிடுவதில்லை. செக்டரோடு சேர்த்து எழுதியிருக்கும் பிழைதிருத்தக் குறியீட்டை வைத்துத் தரவை மீட்கப் பார்க்கும். மீண்டும் மீண்டும் படிக்கும். முடியாவிட்டால் பிழை என்று திருப்பிவிட்டு, அந்தச் செக்டரை 'நிலுவை' என்று குறித்துவைக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் மாற்றுச் செக்டரை நீட்டினால், பொய்யான தரவைக் கொடுத்ததாகிவிடும் அல்லவா? இன்னொரு நாள் ஒருவேளை படிக்க முடிந்தாலும் முடியலாம். ஆகவே புதிதாக யாராவது அதில் எழுதும்வரை டிஸ்க் காத்திருக்கும். எழுதினால், பழைய தரவு இனித் தேவையில்லை என்று பொருள். உடனே அந்த இடத்தைச் சோதித்து, நன்றாக இருந்தால் அங்கேயே எழுதும். இல்லாவிட்டால் கையிருப்புக்கு மாற்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனதால் குறியீடு பொருந்தாமல் போன செக்டர் என்றால், பூச்சில் குறையே இருக்காது. மறுபடி எழுதியதும் நல்லதாகிவிடும்.

லினக்ஸில் இன்று 'பேட் செக்டரைச் சரிசெய்வது' என்றால் பெரும்பாலும் இதுதான்: சரியான இடத்தில் பூச்சியத்தை எழுதி, டிஸ்க்கை முடிவெடுக்க வைப்பது.

இதைச் செய்ய டிஸ்க்கின் உள்கணக்கை எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான சாளரம் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு. ஐபிஎம் 1992-இல் தன் டிஸ்க் வரிசைகளில் பழுதை முன்கூட்டிக் கணிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பின்னர் காம்பேக், டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து 'இன்டெல்லிசேஃப்' என்ற முறையை உருவாக்கியது. 1990களின் நடுவில் அவை ஒரு பொதுத் தரநிலையாயின. பண்பு எண் 5, மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197, நிலுவையில் உள்ளவை. 198, சோதனையில் சரிசெய்ய முடியாமல் போனவை. மேல்மூடித் தாளின் இடத்தை இந்த மூன்று எண்களும் எடுத்துக்கொண்டன.

லினக்ஸில் இந்தச் சாளரத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டவர் ஓர் இயற்பியலாளர். விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஆலன் ஈர்ப்பலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். லைகோ ஆய்வகத்தின் தரவை அலச அவருடைய குழு, ஏறத்தாழ 300 சாதாரணக் கணினிகளைக் கோத்து 'மெடூசா' என்ற லினக்ஸ் கூட்டத்தை அமைத்திருந்தது. அத்தனை கணினி என்றால் அத்தனை டிஸ்க். எது எப்போது படுக்கும் என்று தெரியாமல் அறிவியல் செய்ய முடியாது. மைக்கேல் கார்ன்வெல் முன்பு எழுதிய 'ஸ்மார்ட்சூட்' நிரலை அடிப்படையாகக் கொண்டு ஆலன் 2002-இல் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' தொகுப்பைத் தொடங்கினார். அதில் இரண்டு நிரல்கள். கேட்டால் பதில் சொல்வது ஒன்று. பின்னணியில் ஓடிக்கொண்டு, வேறு நேரம் குறிக்காவிட்டால் அரை மணிக்கு ஒரு முறை டிஸ்க்குகளை விசாரித்து, கோளாறு தெரிந்தால் மின்னஞ்சல் அனுப்புவது இன்னொன்று.

கெட்ட பிளாக்கைக் கையாள அவர் எழுதிய வழிகாட்டி லினக்ஸ் நிர்வாகிகளிடையே கைக்குக் கை மாறியது. அதில் வரும் முதல் எடுத்துக்காட்டு கற்பனை இல்லை என்பது அதன் கோப்புப் பெயரிலேயே தெரிகிறது. டிஸ்க்கின் சுயசோதனை 23421417-ஆம் செக்டரில் நின்றுபோகிறது. அந்தச் செக்டர் இருக்கும் பகிர்வு, அதாவது டிஸ்க்கின் பிரிவு, 5269320-ஆம் செக்டரில் தொடங்குகிறது. கழித்து, 512-ஆல் பெருக்கி, கோப்பு முறையின் பிளாக் அளவான 4096-ஆல் வகுத்தால் 2269012.125. முழு எண் பிளாக்கைச் சொல்கிறது. மீதமுள்ள எட்டில் ஒரு பங்கு, அந்த பிளாக்கின் எட்டு செக்டர்களில் இரண்டாவதுதான் கெட்டது என்கிறது. 'டீபக்எஃப்எஸ்' என்ற நிரலிடம் இந்த பிளாக் யாருடையது என்று கேட்டால் ஐநோடு எண் வருகிறது. ஐநோடைக் கேட்டால் கோப்பின் பெயர் வருகிறது. அது லைகோவின் முதல் அறிவியல் ஓட்டத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு ஆய்வகம் பதிந்த மூலத் தரவு. பெயரில் உள்ள நேரத்தைக் கணக்கிட்டால் 2002 ஆகஸ்ட் 24. மொத்தம் 16 விநாடிகள்.

பிரபஞ்சத்தைக் கேட்கத் தொடங்கி ஓரிரு நாளே ஆன கருவியின் 16 விநாடிப் பதிவு, 512 பைட் பழுதால் ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாமல் போயிற்று. வழிகாட்டி அடுத்துச் சொல்வது பழைய யூனிக்ஸ் கட்டளையான 'டிடி'. 2269012-ஆம் பிளாக்கில் 4096 பூச்சியங்களை எழுது. பிறகு மீண்டும் சுயசோதனை செய். டிஸ்க் தன் கணக்கில் அந்தச் செக்டரை நேர்செய்துகொள்ளும். கோப்பு மட்டும் ஊனமாகிவிடும். மூலத் தரவின் காப்பகம் கால்டெக்கில் இருந்ததால் அறிவியலுக்கு இழப்பில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ முதல் ஈர்ப்பலையைப் பிடித்தபோது, அந்தச் சமிக்ஞையை முதலில் கண்ணுற்றவர் ஜெர்மனியின் ஹனோவரில், ஆலன் இயக்குநராக இருந்த மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர் மார்கோ டிராகோ.

நகல் வேறெங்கும் இல்லாத சாதாரண மனிதருக்கு டிடி கட்டளை ஆபத்தானது. அவர்களுக்காக வந்தவை மீட்புக் கருவிகள். 1999-இல் குர்ட் கார்லோஃப் 'டிடி_ரெஸ்கியூ' எழுதினார். 2004-இல் அன்டோனியோ டியாஸ் டியாஸ், ஏறக்குறைய அதே பெயரில் குனூ 'டிடிரெஸ்கியூ'வை வெளியிட்டார். பெயர்க் குழப்பம் இன்றும் தீரவில்லை. பின்னதன் உத்தி மிக நேர்த்தியானது. கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகே திரும்பி வந்து கெட்ட பகுதியின் ஓரங்களைச் செதுக்கும், கடைசியில் செக்டர் செக்டராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு சாதாரண உரைக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகப்போகும் டிஸ்க்கை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற புரிதல் அதன் ஒவ்வொரு படியிலும் இருக்கிறது.

நகல் எடுத்தபின் கெட்ட செக்டரில் எழுத, லினக்ஸின் ஐடிஇ இயக்கியை வளர்த்த மார்க் லார்ட் எழுதிய 'ஹெச்டிபார்ம்' கருவியில், ஒரே ஒரு செக்டரைக் குறிபார்த்து எழுதும் வசதி உண்டு. அந்தக் கட்டளை ஓட வேண்டுமானால், 'ஆம், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்' என்று பொருள்படும் நீண்ட சொற்றொடரையும் கூடவே தட்ட வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் நல்ல செக்டர் அழியும் என்பதால் அவர் வைத்த தடுப்பு அது.

எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2007-இல் கூகுளின் பின்ஹேரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. சோதனையில் முதல் செக்டர் பிழை தெரிந்த டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். மறுபக்கம், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயின. அதே ஆண்டு லட்சுமி பைரவசுந்தரமும் சக ஆய்வாளர்களும் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 32 மாதங்கள் கவனித்து, 3.45 விழுக்காட்டில் இப்படி மறைந்து கிடக்கும் செக்டர் பிழைகள் தோன்றியதாகக் காட்டினார்கள். எண்கள் கூடினால் பயப்பட வேண்டும். எண்கள் பூச்சியமாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

மறைந்து கிடப்பதை வெளியே இழுக்க ஒரே வழி அவ்வப்போது எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பது. பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகக் கோக்கும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு இதை அழகாகச் செய்கிறது. ஓர் உறுப்பு டிஸ்க்கில் செக்டர் படிக்க முடியாமல் போனால், மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதன் தரவைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதும். எழுதியதும் டிஸ்க் தானே மாற்றிக்கொள்ளும்; தரவும் தப்பும், பழுதும் ஒதுங்கும். டெபியன் விநியோகம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனையைத் தானாக ஓட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இதுவரை சொன்ன வழிகளில் உண்மையிலேயே 'சரிசெய்தல்' என்ற பெயருக்குத் தகுதியானது இதுவே.

2009 முடிவில் இன்னொரு மாற்றம். பிழைதிருத்தக் குறியீட்டுக்கு ஆகும் இடத்தைச் சிக்கனப்படுத்த, செக்டரின் அளவு 512-இலிருந்து 4096 பைட்டாக வளர்ந்தது. பல டிஸ்க்குகள் வெளியே 512 என்றே சொல்லிக்கொண்டன. அவற்றில் கெட்ட செக்டரின் 512 பைட்டை மட்டும் எழுதப் போனால், மீதி ஏழு பங்கை முதலில் படித்தாக வேண்டும். அதைப் படிக்க முடியாததால் எழுதும் முயற்சியும் தோற்கும். எட்டையும் சேர்த்து ஒரே முறையில் எழுதினால்தான் வேலை நடக்கும். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்த பலர் தடுமாறியது இங்கேதான்.

ஐநோடு 1 இன்னும் எக்ஸ்ட்4-இல் இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது காலியாகவே கிடக்கிறது. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில் அப்படியொரு பட்டியலே இல்லை. பழுதின் கணக்கு முழுக்க டிஸ்க்கின் கைக்குப் போய்விட்டதால், இன்று கையிருப்புச் செக்டர்கள் தீர்ந்த பின்புதான் கெட்ட இடம் இயங்குதளத்துக்கு நிரந்தரமாகத் தென்படும். அந்த நிலைக்கு வந்த டிஸ்க்கைக் கட்டிக்காப்பதில் பயனில்லை.

ஆகவே 197-ஆம் எண் பூச்சியத்தைத் தாண்டியது என்று தெரிந்ததும் பேட்பிளாக்ஸையோ டிடி-யையோ தேடி ஓடாதீர்கள். முதலில் டிடிரெஸ்கியூவால் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகல் கையில் வந்த பிறகு பூச்சியம் எழுதிப் பாருங்கள். 197-ஆம் எண் குறைந்து 5-ஆம் எண் அப்படியே நின்றால் அந்த டிஸ்க்கைக் கண்காணிப்போடு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு வாரம் 5-ஆம் எண் ஏறினால், முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.